கெஸ்ட் ஆட்டக்காரனுக்கு எது ஊர்?

‘லப்பர் பந்து’ 2024 செப்டம்பரில் வெளியானதிலிருந்து அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மாமனார் மருமகன் வீம்பு, ‘அட்டகத்தி’ தினேஷின் கெத்து, டிராக்டரை ஏற்றி ஆடுகளத்தை உழுதுவிடும் யசோதா, விஜயகாந்த் பாட்டுக்குத் தியேட்டரில் எழுந்த விசில் என்று எல்லாம் வந்தாச்சு. சாதியைப் பற்றியும் எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் கதை முழுக்க எதன் மேல் நிற்கிறதோ அந்த இடத்தில் அதிகம் பேர் நின்று பார்த்த மாதிரித் தெரியவில்லை. ஹரிஷ் கல்யாண் நடித்த அன்புவுக்கு டீம் கிடையாது. ஊரில் டீம் இருக்கிறது, ஜாலி ஃபிரண்ட்ஸ். அதில் அவனைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் யார் கூப்பிட்டாலும் அவர்களுக்காகப் போய் ஆடுகிறான். உள்ளூர் கிரிக்கெட் பாஷையில் சொன்னால் அவன் ஒரு கெஸ்ட்.

கெஸ்ட் என்ற சொல்லில் மரியாதை இருக்கிற மாதிரி தோன்றும். மைதானத்தில் அப்படியில்லை. பெட்ரோல் காசும் பிரியாணியும் கொடுத்துக் கூட்டி வருவார்கள், விக்கெட் எடுத்தால் தோளில் தூக்குவார்கள், கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது ஓரத்தில் நிற்பான். தோற்றுவிட்டால் “காசுக்கு ஆடுறவன்தானே” என்று ஒரு வார்த்தை வரும். எங்கள் பக்கம், பாலாற்று மணலிலும் தண்ணீர் வற்றிய ஏரிகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்த்தவர்களுக்கு இந்த வார்த்தை புதுசு இல்லை.

தமிழில் விளையாட்டைப் பற்றி எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவை. 2009இல் வந்த சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிக்குழு’வில் டீம் என்றால் ஊர், ஊர் என்றால் டீம். ஜெயிக்கத் தெரியாத பையன்கள், அவர்களைச் செதுக்க ஒரு கோச், அவ்வளவுதான் கதை. அதில் எவனாவது பக்கத்து ஊர் டீமுக்குப் போயிருந்தால் அவன் வில்லனாகியிருப்பான். விளையாட்டுப் படத்தில் நல்லவன் ஒட்டிக்கொண்டிருப்பான், கெட்டவன் மாறிப்போவான் என்பது எழுதப்படாத சட்டம். ‘லப்பர் பந்து’ இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து அந்தச் சட்டத்தைச் சத்தமில்லாமல் புரட்டிப் போட்டார். இங்கே பத்து டீமுக்கு ஆடுகிறவன்தான் நாயகன். ஏன் ஒரு டீமில் நிற்கவில்லை என்று அவனிடம் கேட்பதற்கு முன்னால், ஏன் நிற்க விடவில்லை என்று டீமிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியை நான் ஊர்க் கிரிக்கெட்டுக்கு வெளியேயும் கொண்டுபோகப் பார்க்கிறேன். காரணம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சில வருடங்களாக நடந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய சண்டை இதே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது, ஆனால் கேட்கப்படும் திசைதான் வேறு.

முதலில் ‘டிரான்ஸ்பர்’ என்ற சொல். நம் வீடுகளில் அதற்கு இருக்கும் வாசனையே வேறு. வாத்தியாருக்கு டிரான்ஸ்பர், தாசில்தாருக்கு டிரான்ஸ்பர். கேட்டு வாங்கினால் செல்வாக்கு, கேட்காமல் வந்தால் தண்டனை. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ படத்தில் மாதவன் நடித்த குத்துச்சண்டைக் கோச் சென்னைக்கு வருவதே அப்படி ஒரு தண்டனை மாற்றலில்தான். மாணவனுக்கு என்றால் டி.சி. “டி.சி.யக் குடுத்து அனுப்பிடுவேன்” என்பது ஹெட்மாஸ்டரின் மிரட்டல். அதே டி.சி.யைக் கேட்டுப் போனால், பாக்கியைக் கட்டு என்று நிறுத்தி வைப்பது இன்னொரு மிரட்டல். 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவித்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், டி.சி.யைக் கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியாகப் பள்ளிகள் ஆக்கக் கூடாது என்றது. சொல்ல வேண்டியிருந்தது என்றால் நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

அதே 2018 அக்டோபரில்தான் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. ‘டிரான்ஸ்பர் போர்ட்டல்’ என்ற பதிவேட்டைத் திறந்தது. அதுவரை ஒரு ஆட்டக்காரர் வேறு கல்லூரிக்குப் போக நினைத்தால், இருக்கும் கல்லூரியிடம் அனுமதி வாங்க வேண்டும். நடைமுறையில் அது கோச்சிடம் வாங்கும் அனுமதி. அவர் மனசு வைக்காவிட்டால் புதுக் கல்லூரி உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்ள முடியாது. மனசு வைத்தாலும், கால்பந்து (அவர்கள் கால்பந்து), கூடைப்பந்து போன்ற முக்கிய விளையாட்டுகளில் புது இடத்தில் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். கோச்சுக்கோ எந்த விதியும் கிடையாது, ராத்திரி விமானம் ஏறிவிடலாம்.

போர்ட்டல் வந்த பிறகு அனுமதி கேட்பது போய், “என் பெயரைப் போடுங்கள்” என்று சொன்னால் போதும் என்றானது. 2021 ஏப்ரலில் ஒரு முறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். அதே ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இரண்டாம் முறை மாறுகிறவர்களை உட்கார வைக்கும் விதிக்கும் தடை போட்டார். 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ.வே இறங்கி வந்தது. படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இன்னொரு உடன்பாட்டால் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர். அனுமதிக் கடிதத்திலிருந்து இந்த இடத்துக்கு வர ஏழு வருடம்கூட ஆகவில்லை.

புலம்பல் உடனே தொடங்கியது. விசுவாசம் செத்துப்போச்சு, பையன்கள் கூலிப்படை ஆயிட்டாங்க, இரண்டாம் வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பொறுமை யாருக்கும் இல்லை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் கோச் டோனி பென்னட், 2019இல் அவர்களைத் தேசிய சாம்பியன் ஆக்கியவர், 2024 அக்டோபரில் பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது விலகினார். இந்தப் புதுச் சூழலுக்கு நான் பொருத்தமான ஆள் இல்லை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஒரு பையனை நான்கு வருடம் வைத்து வளர்ப்பதுதான் அவருடைய முறை. ஒவ்வொரு வசந்தத்திலும் தன் டீமைத் தானே மறுபடி கெஞ்சிக் கூட்டி வர வேண்டும் என்றானபோது, அந்த முறைக்கு இடமில்லாமல் போயிற்று.

ஆனால் கதையை வேறொரு முனையிலிருந்தும் சொல்லலாம். 2022 மார்ச்சில் நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரி, தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் கென்டக்கியை அடித்தது, பிறகு மரே ஸ்டேட், பிறகு பர்டியூ. தரவரிசையில் 15ஆம் இடத்திலிருந்து கடைசி எட்டுக்குள் வந்த முதல் டீம் அது. ஊரே கொண்டாடியது. நார்த் கரோலினாவிடம் தோற்று வெளியேறிய சில நாட்களில் கோச் ஷஹீன் ஹாலோவே தான் படித்த சீட்டன் ஹால் கல்லூரிக்குக் கோச்சாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு பையன்கள் ஒவ்வொருவராகப் போர்ட்டலில் பெயர் போட்டார்கள். ஒருவர் அவர் பின்னாலேயே போனார், மற்றவர்கள் வெவ்வேறு கல்லூரிகளுக்கு. கடைசி எட்டு வரை வந்த அந்த டீம் சில வாரங்களில் கலைந்துபோனது.

இதைப் போர்ட்டலின் கொடுமைக்கு உதாரணமாகத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது வரிசை. முதலில் போனவர் கோச். அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை, வாய்ப்பு வந்தது, போனார் என்றார்கள். சொல்ல வேண்டியதும் அதுதான். 2021இல் லிங்கன் ரைலி ஒக்லஹோமாவை விட்டு தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போனார், பிரையன் கெல்லி நோட்டர்டேமை விட்டு எல்.எஸ்.யு.வுக்குப் போனார், பத்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 95 மில்லியன் டாலர். ரைலியின் பின்னால் போன கேலப் வில்லியம்ஸ் மறு வருடமே நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். பழைய விதிப்படி என்றால் அந்த வருடம் அவர் வேட்டி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கோச்சுக்குப் பின்னால் போவதற்குப் பையனுக்குத் தண்டனை, முன்னால் போன கோச்சுக்கு மாலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதவு திறந்ததால் எல்லாரும் நல்ல இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. போர்ட்டலில் பெயர் போட்டதும் பழைய கல்லூரி அந்தப் பருவ முடிவில் உதவித்தொகையை நிறுத்தலாம். புது இடம் அமையாதவன் நடுவில் நிற்பான். “இந்த வருஷம் உனக்கு இடமில்லப்பா, போர்ட்டல்ல போட்டுக்கோ” என்று கோச்சே தள்ளிவிடுவதும் இதே கதவு வழியாகத்தான். அன்பு மாதிரி.

பெரிய காஞ்சிபுரத்தில் வளர்ந்தவனுக்கு இந்தச் சண்டையைக் கேட்டால் உடனே தறி ஞாபகம் வரும். பிள்ளையார்பாளையம் பக்கத்தில் கூலித் தறி ஓட்டும் குடும்பங்களுக்கு முதலாளி முன்பணம் கொடுப்பார். கல்யாணம், மருத்துவம், வீட்டுக் கூரை, ஏதோ ஒன்று. கூலியிலிருந்து அது கழியும், அல்லது கழியாது. முன்பணம் பாக்கி இருக்கும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. கூலி கூடக் கொடுக்கிறேன் என்று இன்னொருவர் கூப்பிட்டால், அவர் பழைய பாக்கியைக் கட்டிவிட்டு ஆளை எடுத்துக்கொள்வார். கடன் தீர்ந்ததா என்றால் இல்லை, கணக்குப் புத்தகம் கைமாறியது. இதற்கு ஊரில் ‘ஆளைக் கலைக்கிறது’ என்று பேர். கலைத்தவன் மேல் பழைய முதலாளிக்குக் கோபம். “நான்தான்யா அவனுக்குத் தொழில் கத்துக் குடுத்தேன்” என்பார்.

தொழில் கற்றுக்கொடுத்தது பொய்யில்லை. கோர்வைச் சேலை ஒரு ஆளால் நெய்யக்கூடியது இல்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் நாடா தனித்தனியாக ஓட்டிக் கோக்க வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார வேண்டும். அந்த உதவி ஆளாக நெடுங்காலம் உட்கார்ந்தவர்கள் சிறுவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்ததை, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தின் பெயரைச் சொல்லியே பதிவு செய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்திருந்தது. கற்றுக்கொடுப்பதும் கட்டிப்போடுவதும் ஒரே தறிக்குழியில்தான் நடந்தன. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ இந்த உலகத்தைத்தான் எடுத்துக்கொண்டது. தேசிய விருது வாங்கிய படம், பிரகாஷ்ராஜ் நடிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மகளுக்குப் பட்டுச்சேலை என்ற வாக்குறுதிக்காக நூல் திருடும் அப்பாவின் சோகத்தில் அது முழுசாக இறங்கிவிட்டது. அவன் ஏன் அந்த முதலாளியை விட்டு எழுந்து போக முடியவில்லை என்பது எனக்குப் பெரிய கேள்வி. படத்துக்கு அது பின்னணி.

கல்லூரிக் கோச் நம் முன்பண முதலாளி இல்லை, எனக்குத் தெரியும். தறிக்காரனின் பசி அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரனுக்கு இருக்காது. ஆனால் அவர்கள் வாதத்தின் நூல் ஒன்றுதான்: நான் கற்றுக்கொடுத்தேன், ஆகவே நீ இருக்க வேண்டும். 2025 ஜூனில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மயாமி பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் இருந்த எங்கள் கால்பந்தாட்டக்காரர் ஒருவரை இழுத்துக்கொண்டீர்கள் என்று. அந்தச் செய்தியைப் படித்தபோது, “ஆளைக் கலைச்சுட்டான்” என்று டீக்கடையில் கத்தும் குரல்தான் எனக்குக் கேட்டது.

அப்படியானால் கற்றுக்கொடுத்தவருக்கு ஒன்றுமே சேர வேண்டாமா? சேர வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியது போகிறவனா, கூட்டிப்போகிறவரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உலகக் கால்பந்து 1995 டிசம்பரில் போஸ்மன் தீர்ப்பில் ஒரு பக்கத்தை முடித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை விலை கேட்டுப் பிடித்து வைக்க முடியாது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். 2001இல் ஃபிஃபா இன்னொரு பக்கத்தை எழுதியது. ஒப்பந்தக் காலத்தில் பணம் கைமாறி ஒருவர் நாடு விட்டு நாடு போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பங்காகப் போக வேண்டும். கொடுப்பது வாங்கும் கிளப். ஆட்டக்காரரின் பேரில் கடனாக எதுவும் ஏறாது. பள்ளத்தில் இருக்கும் கிளப்புகள் பல இதை வாங்கப் பெரிய கிளப்புகள் பின்னால் அலைந்த கதைகள் உண்டு, குறையில்லாத ஏற்பாடு இல்லை. ஆனாலும் காஞ்சி முன்பணத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அங்கே புது முதலாளி கட்டிய பாக்கி நெசவாளி தலையில் இருக்கிறது. இங்கே கற்றுக்கொடுத்தவருக்கு உரியதைக் கூட்டிப்போகிறவர் கொடுக்கிறார், போகிறவன் கைவீசிப் போகிறான்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாததல்ல. கோச் ஒப்பந்தத்தின் பாதியில் போனால் பழைய கல்லூரிக்கு ஒரு தொகை தர வேண்டும், பெரும்பாலும் அதைப் புதுக் கல்லூரியே கட்டிவிடுகிறது. செயின்ட் பீட்டர்ஸ் மாதிரி ஒரு சின்னக் கல்லூரி பொறுக்கி எடுத்து வளர்த்த பையன் போகும்போது அப்படி ஒன்றும் வருவதில்லை. சின்ன டீம்கள் அழுவதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். அந்த அழுகைக்கு மருந்தாகப் பையனை மறுபடியும் ஒரு வருடம் உட்கார வை என்று சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சே இன்னும் தொடங்கவில்லை. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. சென்னையில் சில தனியார் கல்லூரிகள் வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் சீட், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கொடுத்து மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகின்றன. நல்லதுதான், எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி அப்படி வந்தவர். ஆனால் ஆறாம் வகுப்பில் அந்தப் பிள்ளையின் உயரத்தைப் பார்த்து, “நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வா” என்று சொன்ன பி.டி. சாரின் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை. மாரி செல்வராஜின் ‘பைசன்’ படத்தில் அப்படி ஒரு பி.டி. வாத்தியாருக்கு இடம் கிடைத்தது எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுக்குப் போன மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எழுந்த கதை அது. ஊரை விட்டுப் போனால்தான் ஆட முடியும் என்ற நிலையில் இருப்பவனை, போகாதே என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை அந்தப் படம் ‘லப்பர் பந்து’வைவிட இரக்கமில்லாமல் சொல்கிறது.

விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்த ஒரு நகைச்சுவை உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ‘காஞ்சி வீரன்ஸ்’ என்று ஒரு டீம் இருந்தது. 2016இல் தொடங்கும்போது அது திருவள்ளூர் வீரன்ஸ். 2018இல் காஞ்சி வீரன்ஸ் ஆனது. ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும் திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும் திருநெல்வேலியிலும் நடந்தன, எங்கள் ஊரில் ஒன்றுகூட நடக்கவில்லை. 2021இல் அதே இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் வந்துவிட்டது. டீமே ஊர் மாறிக்கொண்டே இருந்தது, யாரும் ஒரு வருடம் உட்காரச் சொல்லவில்லை. ராஜ வீதியில் யாரும் அழவும் இல்லை.

‘லப்பர் பந்து’வுக்குத் திரும்பினால், அதன் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. முடிவைச் சொல்லப் போவதில்லை, பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஆனால் படம் அன்புவின் கெஸ்ட் வாழ்க்கையை முழுக்க முழுக்க ஒரு குறையாகவே பார்க்கிறது. அவன் ஊர் டீமுக்குள் போக வேண்டும், அப்போதுதான் அவன் முழு மனுஷன் என்ற ஏக்கம் கதை நெடுக ஓடுகிறது. ஏக்கம் உண்மைதான். விரட்டப்பட்ட வீட்டுக்குள் ஒரு தடவையாவது காலை வைத்துவிட வேண்டும் என்று யாருக்கும் இருக்கும். ஆனால் பத்து ஊரில் பந்து போட்டவனுக்குப் பத்து ஊர் ஆடுகளம் தெரியும், பத்து விதமான மட்டையாளர்களின் பலவீனம் தெரியும். கெத்துவை எங்கே போட்டால் அடிக்க முடியாது என்று சொல்லக்கூடிய கண் அவனுக்கு வந்தது ஒரே டீமில் உட்கார்ந்திருந்தால் வந்திருக்குமா? மும்பைக்கு ஆடி முடித்துவிட்டு 2015இல் விதர்பாவுக்குப் போன வாசிம் ஜாஃபர் அங்கே அடுத்தடுத்து இரண்டு ரஞ்சிக் கோப்பைகளில் பங்கெடுத்தார். போன இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் ஆட்டக்காரனிடம் ஏதோ இருக்கிறது. அன்பு அந்த ஊர்களுக்கு என்ன கொடுத்தான், அந்த ஊர்கள் அவனுக்கு என்ன கொடுத்தன என்ற பக்கம் படம் திரும்பவே இல்லை. அவர்கள் எல்லாரும் பெயரில்லாத டீம்களாகக் கடந்து போகிறார்கள்.

இப்போது டோர்னமென்ட் ஃபிளெக்ஸ்களில் ஒரு வரி பெரிய எழுத்தில் வருகிறது: ஒரே ஊர் ஆட்டக்காரர்கள் மட்டும், ஆதார் கட்டாயம், கெஸ்ட் அனுமதி இல்லை. காசு உள்ள டீம்கள் ஆள் பிடித்து வந்து கோப்பையை அள்ளுகின்றன என்ற கோபத்தில் வந்த விதி, கோபத்தில் நியாயமும் உண்டு. அந்த ஃபிளெக்ஸுக்கு முன்னால் அன்பு தன் ஆதாரை நீட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். அதில் ஜாலி ஃபிரண்ட்ஸ் இருக்கும் அதே ஊரின் பெயர்தான் அச்சடித்திருக்கும்.